மூன்று சதவீத மணல்

குருவின் ஆசிரமத்துக்குத் தகரக் கூரை. வாசலில் பழைய லாரி டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். நாமக்கல்லில் இருந்து சேலம் போகும் சாலையில் இடது கைப் பக்கம். மேலே பலகையில் 'ஜுலைகா டயர்ஸ்' என்று எழுதியிருக்கும்.

அதை ஆசிரமம் என்று சொன்னவர் சீடர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அது டயர்க் கடை.

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. லாரி ஓட்டுநர்கள் 'டயரக்கா' என்று கூப்பிடுவார்கள். தன் ஜீப்பில் இரண்டு முறை லடாக் போய் வந்தவர். நெடும்பயணம் போகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வண்டியைக் கொண்டுவந்து அவரிடம் நிறுத்துவார்கள்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் சபாபதி. அரசுக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் மனைவி திலகவதி சேலம் தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். டிரங்க் கால் காலத்தில் இருந்து. "ஜெய்சல்மேர் லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்று சொல்லியிருக்கிறார். பூஜ், மணாலி, லே எல்லாவற்றையும் காதால் தெரியும். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்றதும், நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வேனை வாங்கினார்கள். உள்ளே கட்டில் போட்டார்கள். அடுப்பு வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி பொருத்தினார்கள். திரைச்சீலைகூடத் தைத்தாகிவிட்டது. அதெல்லாம் முடிந்து இரண்டு வருடம்.

வண்டி கிளம்பவில்லை. வேனோடு வந்த டயரை மாற்றி எந்த டயர் போடுவது என்று சபாபதி இன்னும் முடிவு செய்யவில்லை.

மூன்று முறை தேதி குறித்து மூன்று முறை தள்ளிப் போட்டார். நான்காம் முறை திலகவதி தேதி குறித்தார். ஜோத்பூருக்கு ரயில் டிக்கெட் எடுத்து, அச்சடித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"பதினாலாம் தேதி காலையில வேன் கிளம்பினா வேன். கிளம்பலைன்னா சாயங்காலம் ரயில்."

சபாபதி டிக்கெட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஒரு பேர்தான் இருக்கு?"

"ஆமா. என் பேரு."

அன்று முதல் தேதி. மறுநாள் காலை அவர் குருவிடம் வந்து சேர்ந்தார்.

"எது சிறந்த டயர்?" என்று கேட்டார்.

"எங்க போறீங்க, சார்?"

"எல்லா இடத்துக்கும்."

"அப்படி ஒரு ஊரு இல்லீங்களே" என்றார் குரு.

சீடர் பையில் இருந்து ஒரு பெரிய நோட்டை எடுத்தார். நாற்பத்து மூன்று டயர்கள். ஒவ்வொன்றுக்கும் பதினோரு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண். கடைசிப் பக்கத்தில் பயணப் பாதையைப் பிரித்திருந்தார். தார்ச்சாலை எண்பத்தேழு சதவீதம், சரளை எட்டு, மணல் மூன்று, பனி இரண்டு.

குரு கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"கோடெல்லாம் ரொம்ப நேரா போட்டிருக்கீங்க."

"நன்றி."

"இந்த மூணு சதவீத மணல், எந்தக் கிழமை வருதுங்க?"

சீடர் யோசித்தார். "அது சராசரி. கிழமை தெரியாது."

"வர்ற அன்னிக்கு முழுக்க மணலாத்தான இருக்கும்?"

"அதேதான்! அதனாலதான் நல்லாப் பெரிய டயரா..."

"மத்த நாளுக்கு?"

குரு ஒரு ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் அவர் காலடியில் வைத்தார்.

"உங்க வேன்ல ஒரு வீலைக் கழட்டி, திரும்ப மாட்டுங்க."

"நான் தேர்ந்தெடுக்கத்தான் வந்தேன்."

"தூக்க முடியறதைத்தானுங்க தேர்ந்தெடுக்கணும்."

சீடர் சட்டைக் கையை மடித்தார். முதலில் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. பிறகுதான் அடியில் பலகை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். அப்போதும் அசையவில்லை.

டீ குடிக்க இறங்கியிருந்த லாரி ஓட்டுநர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"சார் எந்த சப்ஜெக்ட்டுங்க?"

"ஸ்டாடிஸ்டிக்ஸ்."

"அப்ப இந்த நட்டு கழலறதுக்கு எவ்வளவு சான்ஸுங்க?"

"இந்தப் பக்கம் திருப்பினா சுத்தமா இல்லீங்க" என்றார் இன்னொருவர். "அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க."

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. மாட்டி முடித்தபோது சீடரின் முகம் வரைக்கும் கறுப்பு. ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். அவர் குனிந்து வணக்கம் வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் திலகவதி கேட்டார். "டயர் முடிவாச்சா?"

"இல்ல. ஆனா கழட்டக் கத்துக்கிட்டேன்."

"இன்னும் பன்னெண்டு நாள்" என்றார் திலகவதி. ஆனால் எண்ணெய்க் கறை போக அவரே சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் தேதி சீடர் வேறு கேள்வியோடு வந்தார்.

"குருவே, அலாய் வீல் போடட்டுமா? எடை குறைவு. பார்க்கவும் அழகு."

"அழகுதானுங்க" என்றார் குரு. "ஊருக்குள்ள நானும் அதான் போட்டிருக்கேன்."

கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே பழைய வீல்கள் குவிந்து கிடந்தன. விளிம்பு நெளிந்த ஓர் இரும்பு ரிம்மை உருட்டி வந்து, கல் மேல் வைத்து, சுத்தியலைச் சீடர் கையில் கொடுத்தார்.

சீடர் அடித்தார். பத்தாவது அடியில் நெளிவு கொஞ்சம் உள்ளே போனது. இருபதாவது அடியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரியாகுது!"

"லடாக் போற வழியில, மலை மேல ஒரு ஊருல என் ரிம்மு இப்படி நெளிஞ்சுது. மண்வெட்டி சரி பண்றவரு ஒருத்தர் இருந்தாரு. அவரு பாஷை எனக்குத் தெரியாது. வீலைக் காட்டினேன். அடிச்சுக் குடுத்தாரு. கிளம்பி வந்துட்டேன்."

"அலாய் வீலா இருந்து, விரிசல் விட்டிருந்தா?"

"ரொம்ப நல்ல மனுசருங்க" என்றார் குரு. "படுக்க எடம் குடுத்திருப்பாரு."

சீடர் பெரிதாகத் தலையாட்டினார். எல்லாம் புரிந்த தலையாட்டல். அவருடைய மாணவர்களும் அவரிடம் அப்படித்தான் ஆட்டியிருப்பார்கள்.

ஆறாம் தேதி அவர் யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூர் போனார். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கடை. நோட்டில் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம் பிடித்த டயர் நேரிலேயே நின்றது. மேலே துருத்திய ஒவ்வொரு பட்டனும் உள்ளங்கை அகலம். பக்கத்தில் பளபளக்கிற அலாய் வீல்.

"இதைப் போட்டீங்கன்னா, சார், மலையே நகர்ந்து வழி விடும்" என்றார் விற்பனையாளர்.

சீடர் போட்டுவிட்டார்.

திரும்பும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் உள்ளே எதிலோ உரசி 'கர்ர்ர்' என்றது. "முழுக்க ஒடிக்காம ஓட்டிக்கலாம்" என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஏழாம் தேதி வண்டியைக் குருவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டுநர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்குதுங்க."

குரு குனிந்து டயரைத் தடவினார். நான்கையும் பார்த்தார்.

"நல்ல டயருங்க."

சீடரின் முகம் மலர்ந்தது. "அப்ப சரியா?"

"எடை போட்டீங்களா?"

"எதை?"

"வண்டியை. ஊருக்குப் போறப்ப என்னென்ன இருக்குமோ, எல்லாத்தையும் ஏத்திட்டு எதிர்ல எடை மேடைக்கு வாங்க. எவ்வளவு சுமக்கப் போகுதுன்னு தெரியாம டயரை எப்படிச் சொல்றது?"

அது சீடருக்குப் பிடித்த வேலை. வீட்டுக்குப் போய்ப் பட்டியல் போட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். அடுப்பு, சிலிண்டர், அரிசி, பருப்பு, மெத்தை, கம்பளி, மடக்கு நாற்காலி இரண்டு, கருவிப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, பதினேழு புத்தகங்கள் எல்லாம் ஏறின. மாலையில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று எடை மேடையில் ஏற்றினார். சீட்டை வாங்கிக் குருவிடம் நீட்டினார்.

குரு சீட்டைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்க?"

"வீட்ல. அவ அம்பத்தெட்டு கிலோ. கூட்டிக்கலாம்."

"எல்லாத்தையும் ஏத்திட்டு வரச் சொன்னனுங்க."

எடை மேடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஊறுகா ஜாடியெல்லாம் வந்திருக்குது, வீட்டம்மாவை மட்டும் விட்டுட்டு வந்துட்டீங்களே, சார்!"

சீடர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது ஒரு வளைவில் 'கர்ர்ர்' என்றது.

எட்டாம் தேதி காலை திலகவதி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வேனின் கதவைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்துக் காலைத் தூக்கினார்.

கால் படிக்கு எட்டவில்லை.

மறுபடி தூக்கினார். முழங்கால் பாதியில் நின்றது. இதுவரை ஏறிக்கொண்டிருந்த படிதான். டயர் உயர்ந்ததும் படியும் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது.

"ஏங்க, வண்டி வளர்ந்திருக்கா, நான் குட்டையாயிட்டேனா?"

சீடர் உள்ளே ஓடிப்போய்ச் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

திலகவதி முக்காலியைப் பார்த்தார். "லே வரைக்கும் இதுவும் வருதா?"

"வண்டிக்குள்ள ஒரு ஓரமா..."

"அதையும் எடை போட்டுடுங்க" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

கடை வாசலில் குரு முதலில் முக்காலியைத்தான் பார்த்தார். எடை போட்டு முடித்ததும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"புறவழிச் சாலையில எண்பதுல போங்க, சார்."

சீடர் எண்பதில் போனார். டயரின் பட்டன்கள் தாரில் ஓடத் தொடங்கின. வண்டிக்குள் ஆயிரம் வண்டுகள் புகுந்தது மாதிரி ஒரு ரீங்காரம். சீடருக்கு அது வீரமான சத்தமாகக் கேட்டது.

திலகவதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஏதோ சொன்னார்.

"என்ன?"

மறுபடி சொன்னார்.

"என்னம்மா? கேக்கல!"

திலகவதி ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் குரு நிறுத்தச் சொன்னார். ரீங்காரம் அடங்கியது.

"அம்மா என்னமோ சொன்னாங்களே, என்னங்க?"

"தெரியல" என்றார் சீடர்.

"கேளுங்க."

சீடர் திரும்பினார். "என்ன சொன்ன, திலகம்?"

"ஒண்ணுமில்ல. அந்த ஏரியில நாரைங்க நிறைய வந்திருக்குதுன்னு சொன்னேன். இப்பத் தாண்டி வந்தாச்சு."

ஒரு லாரி கடந்து போனது.

"முப்பத்திரண்டு வருஷம் இரைச்சல்ல காதை வச்சு அடுத்தவங்க பேச்சைச் சேர்த்து வச்சேன், கண்ணு" என்று திலகவதி குருவிடம் சொன்னார். "அதுக்காவது சம்பளம் குடுத்தாங்க."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சார், நோட்டுல சத்தத்துக்கு எத்தனை மார்க்குங்க?"

"நூத்துக்கு ரெண்டு."

"படி ஏறுறதுக்கு?"

சீடர் நோட்டைப் புரட்டினார். பதினோரு கட்டத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"அப்படி ஒரு கட்டமே இல்ல" என்று சொல்லி நோட்டை மூடினார்.

அந்த டயர்களையும் வீல்களையும் குரு கடை முன்னால் வைத்தார். மறுநாளே ஈரோட்டில் இருந்து பந்தய ஜீப்காரர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அவர் தனியாகப் போகிறவர்.

பத்தாம் தேதி சீடர் நோட்டில்லாமல், திலகவதியோடு வந்தார்.

"குருவே, நீங்களே சொல்லிடுங்க. எந்த அளவு?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எழுதியே வச்சிருக்குதுங்களே."

குரு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். கதவுச் சட்டத்தில் கீழே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. டயரின் அளவு. எத்தனை காற்று. எத்தனை பாரம்.

சீடர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"ரெண்டு வருஷமா இந்தக் கதவைத் திறந்துதான் உள்ளே போறேன்."

"எல்லாரும் அப்படித்தானுங்க. ஏறுற அவசரம்."

அந்த அளவிலேயே, தாரிலும் சரளையிலும் ஓடுகிற நடுத்தரப் பட்டன் வைத்த டயரைக் குரு எடுத்துப் போட்டார். எடைச் சீட்டை வைத்துப் பாரம் தாங்குமா என்று சரி பார்த்தார். கறுப்பு இரும்பு வீல்.

"இந்த அளவு போற வழியெல்லாம் கிடைக்குமா?"

"லாரி நிக்கிற ஊருல கேளுங்க, இருக்கும். அந்த உள்ளங்கைப் பட்டன் வெடிச்சிருந்தா, கோயமுத்தூருக்குத்தான் போன் போடணும்."

"லைன் நான் போட்டுக் குடுத்திருப்பேன்" என்றார் திலகவதி.

நான்கு சக்கரத்தையும் சீடரே மாட்டினார். ஐந்தாவதாக ஸ்டெப்னியையும் தூக்கிப் பின்கதவில் மாட்டினார். முக்கால் மணி நேரம். ஓட்டுநர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சார், வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். சீடர் இரண்டு நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திலகவதி கைப்பிடியைப் பிடித்தார். ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார்.

புறவழிச் சாலையில் எண்பது. குரு பின்னால். சாலை மெல்லிய குரலில் கூடவே வந்தது.

"ஏங்க" என்றார் திலகவதி, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது மாதிரி மெதுவாக.

"என்ன?"

"சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "ஏங்க" என்றார்.

"சொல்லு."

"மத்தியானத்துக்கு வெண்டைக்காய் வாங்கணும்."

"வாங்கிடலாம்."

அன்று அந்தச் சாலையில் அவர்கள் மூன்று முறை போய் வந்தார்கள். அத்தனை பேச்சு மிச்சம் இருந்தது. குரு பின்னால் தூங்கிவிட்டார்.

ஆனால் ஃப்ரிட்ஜில் இருந்த டிக்கெட்டைத் திலகவதி எடுக்கவில்லை.

"ஏன்?" என்று சீடர் கேட்டார். "டயர்தான் போட்டாச்சே."

"உங்க மூஞ்சியில இன்னும் மணல் இருக்கு. ஜெய்சல்மேர் போற வழியில திடீர்னு வண்டியைத் திருப்பி, டயர் மாத்திட்டு வந்துடலாம்னு சொல்வீங்க. அப்ப நான் எங்க போறது?"

சீடர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. மூடிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி அவர் திலகவதியோடு வந்து குருவிடம் அதைச் சொன்னார். "மூணு சதவீதம், குருவே. அதுக்கு இந்த டயர் ஆகாது."

"கிளம்புங்க" என்றார் குரு.

மூன்று பேரும் மோகனூர் போனார்கள். காவிரியில் தண்ணீர் எதிர்க்கரை ஓரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அகலமாக, வெள்ளையாக, காய்ந்த மணல். குருவும் திலகவதியும் இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். குரு கொய்யாப்பழப் பையைப் பிரித்தார்.

"போங்க, சார்."

சீடர் வண்டியை மணலில் விட்டார். இருபது அடி போனது. உறுமியது. நான்கு சக்கரமும் சுழன்று மணலை வாரி இறைத்தது. வண்டி பின்புறம் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது.

சீடர் குதித்து இறங்கினார். இரண்டு கையையும் விரித்தார். தோற்றவர் முகமாக இல்லை அது. தேர்வு முடிவு சரியாக வந்த முகம்.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல? பாத்தீங்களா!"

"வண்டி மாட்டிக்கிட்டதுக்கு இவ்வளவு சந்தோசமா?" என்றார் திலகவதி.

"நான் கணக்குப் போட்டது சரி!"

"சரிதானுங்க" என்றார் குரு. எழுந்து வந்து ஒரு சின்னக் குச்சியைக் கொடுத்தார். "டயர்ல பாதிக் காத்தை விடுங்க."

"விடறதா? ஏற்கெனவே மாட்டிக்கிட்டிருக்கு."

"விடுங்க."

"காத்து குறைஞ்சா டயருக்குப் பலம் ஏது?"

"மணல் மேல உக்காரணும், சார். நீங்க நின்னுக்கிட்டிருக்கீங்க."

சீடர் முதல் வால்வில் குச்சியை வைத்து அழுத்தினார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வந்தது. அந்தச் சத்தம் அவருக்கு வலித்தது. குரு அளவுமானியைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும்" என்றார். "இன்னும்." டயர் கீழே தளர்ந்து, அகன்று, மணலில் பரவியது. நான்குக்கும் விட்டு முடித்தபோது, சீடர் வண்டியைக் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வழித்துத் தள்ளினார்கள்.

"இப்ப மெதுவா. உறும விடாதீங்க."

சீடர் ஏறி உட்கார்ந்தார். கியரைப் போட்டார். கண்ணை ஒரு நொடி மூடினார்.

வண்டி நகர்ந்தது.

குழியில் இருந்து ஏறியது. நடந்தது. இருபது அடி, ஐம்பது அடி, தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் வளைந்து திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு ஆடியது. உள்ளே யாரோ பாடுகிற சத்தம் கேட்டது.

"பாடறாரா?" என்று குரு கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான்" என்றார் திலகவதி.

ஐந்து சுற்று முடிந்து வண்டி மரத்தடியில் வந்து நின்றது. சீடர் இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"அதே டயர்தான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"நகருங்க" என்றார் திலகவதி.

"என்ன?"

"நான் ஓட்டணும்."

"உனக்கு மணல்ல..."

"உங்களுக்கு மட்டும் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி தெரிஞ்சுதா?"

திலகவதி ஓட்டினார். சீடர் மணலில் கூடவே ஓடினார். "இடது! இடதுல ஒடி! மெதுவா!" என்று கத்தினார். திலகவதி ஜன்னலை ஏற்றிவிட்டார். வண்டி அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொன்று. சீடர் நடுவில் நின்று மூச்சு வாங்கிச் சிரித்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

வண்டியை நிறுத்தி இறங்கியதும் திலகவதி கைப்பையில் இருந்து போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதையோ அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"என்ன பண்றே?" என்று சீடர் கேட்டார்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன். மணல்ல உங்களுக்கு மாத்தி ஓட்ட ஆள் வேணுமில்ல?"

சீடர் கொஞ்ச நேரம் ஆற்றின் பக்கம் திரும்பி நின்றார்.

அதற்குள் குரு சின்னப் பம்பை எடுத்து வெளியில் வைத்திருந்தார். "ரோடு ஏறுறதுக்கு முன்னால திரும்ப அடிக்கணுமுங்க. நாலுக்கும்."

"நானா?"

"வேற யாரு?"

ஒவ்வொரு டயருக்கும் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கொய்யாப்பழம் தீர்ந்துவிட்டது.

பதினாலாம் தேதி காலை ஏழு மணிக்கு வேன் ஆசிரமத்து வாசலில் நின்றது. ஓட்டுநர்கள் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"ஸ்டெப்னிக்கு?" என்று சீடர் கேட்டார்.

"அது தொங்குதே, சார். எப்படி நசுக்கும்?"

"இங்க குடுங்க" என்று திலகவதி ஐந்தாவது பழத்தை வாங்கிப் பைக்குள் போட்டார். "மத்தியானம் சாதத்துக்கு ஆகும்."

திலகவதி ஏறி உட்கார்ந்தார். சீடர் நான்கு டயரையும் ஒருமுறை சுற்றி வந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சாவியைத் திருப்பப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"குருவே, கடைசியா ஒரே ஒரு கேள்வி."

"ஆரம்பிச்சாச்சு" என்றார் திலகவதி.

"இந்த டயரும் போதாத இடம்னு ஒண்ணு வந்தா?"

"வருமுங்க" என்றார் குரு.

"நிச்சயமா வருமா?"

"போன ரெண்டு தடவையும் எனக்கு வந்துச்சு."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

குரு ஜன்னல் ஓரம் வந்து நின்றார்.

"வண்டியை ஓரமா நிறுத்தி, டீ வச்சுக் குடிச்சனுங்க. மேலிருந்து நடந்து எறங்கி வந்தவங்ககிட்ட, அங்க என்ன இருக்குதுன்னு கேட்டேன். ரொம்ப நல்லா சொன்னாங்க."